இந்தக் கையில ஊசி போடாதீங்க!

சுஜாதாவின் 'நகரம்' சிறுகதையைப் பற்றி மூன்று வாரங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: காய்ச்சலில் நினைவு தப்பிய மகள் பாப்பாத்தியைத் தூக்கிக்கொண்டு கிராமத்திலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறாள் வள்ளியம்மாள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார். அவர் சொன்ன வார்த்தைக்கும் வார்டு கட்டிலுக்கும் நடுவே ஒரு சீட்டு, ஒரு ஜன்னல், ஒரு கையெழுத்து, முடிவே இல்லாத வராந்தா. நாளைக்குக் காலையில் வரச்சொல்கிறார்கள். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள். தமிழில் ஆஸ்பத்திரியைப் பற்றி இதைவிட நல்ல கதை இல்லை என்று கொஞ்சம் அடித்தே எழுதிவிட்டேன்.

வந்த கடிதங்களில் முக்கால்வாசி 'ஆமாம் சார்' ரகம். ஒன்று மட்டும் வேறு மாதிரி. கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்திலிருந்து இன்லாண்ட் லெட்டரில், கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் வந்திருந்தது.

'ஐயா, நல்ல கதைதான். மறுக்கவில்லை. ஆனால் வள்ளியம்மாளுக்கு அட்மிஷன் கிடைத்துவிட்டால் கதை முடிந்துவிடுமா? எனக்கு அட்மிஷன் கிடைத்து ஆறு வருஷம் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். காசு கேட்பதில்லை. குறை சொல்லக்கூடாது. இப்போது எனக்குப் பயமெல்லாம் கிட்னியைப் பற்றி இல்லை. கையைப் பற்றி. இதை யாராவது கதையாகவோ கட்டுரையாகவோ எழுதியிருக்கிறார்களா? இருந்தால் புத்தகத்தின் பெயர், விலை தெரிவிக்கவும்.'

விலை உட்பட கேட்டிருந்தார் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் அலமாரியைக் குடைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

*

கோவில்பட்டியில் இறங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடலைமிட்டாய் வாங்கினேன். (2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். கையில் வாங்கிக்கொண்டு போகாவிட்டால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.) நான் பார்க்கப்போனவர் அதை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, பேத்தியிடம் கொடுத்துவிட்டார். "கடலை ஆகாது சார். இளநீ ஆகாது. வாழப்பழம் ஆகாது. தண்ணி ஒரு நாளைக்கு முக்கா லிட்டர். கரிசக்காட்டுல பொறந்தவனுக்குத் தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லித்தரணுமா என்ன? அது பழகிரும். இதான் பழக மாட்டேங்கு" என்று இடது கையை நீட்டினார்.

முழங்கை மடிப்புக்குக் கீழேயும் மேலேயும் தோலுக்கு அடியில் கயிறு சுருண்டு கிடப்பதுபோல ஒரு நரம்பு. இரண்டு இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. "கைய வச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது."

வைத்தேன். பம்புசெட் ஓடும்போது குழாயின்மேல் கை வைத்திருக்கிறீர்களா? அதே 'கிர்ர்ர்'. மனுஷன் கைக்குள் ஒரு மோட்டார்.

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். பெயர் போட வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்து வழக்கப்படி அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

*

டயாலிசிஸ் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எப்படி எடுப்பது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. மெஷினுக்கு நிமிஷத்துக்குக் கால் லிட்டருக்கு மேல் ரத்தம் வேண்டும், நாலு மணி நேரத்துக்கு. ரத்தம் எடுக்க நர்ஸ் குத்துகிறாரே, அந்தச் சிரையில் அவ்வளவு வரத்து கிடையாது. வரத்து இருக்கிற தமனி ஆழத்தில் கிடக்கிறது. அதை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குத்தினால் ஆள் தாங்க மாட்டான்.

அண்ணாச்சி சொன்ன விளக்கம் எந்த டாக்டர் சொன்னதையும்விடத் தெளிவாக இருந்தது. "கம்மாத் தண்ணி பெருசா வருது, ஆனா ஆழத்துல போகுது. வாய்க்கா கைக்கு எட்டுது, ஆனா வரத்து இல்ல. என்ன செய்வீக? கரைய ஒரு இடத்துல வெட்டி வாய்க்காலுக்குத் திருப்பி விடுவீகள்லா? அதைத்தான் கையில செஞ்சிருக்காக."

அதற்குப் பெயர் ஃபிஸ்டுலா. தமனியையும் சிரையையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற, சுமார் ஒரு மணி நேர ஆபரேஷன். ஆனால் வெட்டிவிட்ட மறுநாளே வாய்க்கால் அகலமாகிவிடாது. தமனியின் வேகம் தாக்கித் தாக்கி, அந்தச் சிரை பெருத்து, சுவர் தடித்து, ஊசி தாங்குகிற பக்குவத்துக்கு வர ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். சிலருக்குப் பக்குவப்படாமலே போய்விடும்.

அந்த உவமையைப் பிடித்துக்கொண்டு மற்ற வம்புகளையும் சொல்லிவிடலாம். வாய்க்காலில் மண்மேடு தட்டினால் வரத்து குறைகிறது. சிரைக்குள் சதை தடித்து அடைத்துக்கொள்வது அப்படித்தான். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடை திறந்தால் கரை இளகிப் பிதுங்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அண்ணாச்சி கையில் இருக்கிற எலுமிச்சம்பழம் வரும். தலைமடைக்காரன் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டால் கடைமடைக்காரனுக்குக் காய்ந்துபோகும். ஃபிஸ்டுலா ரத்தத்தை அதிகமாக இழுத்தால் கீழே விரல்கள் சில்லிட்டு, மரத்து, சிலருக்குக் கறுத்தே போய்விடுகின்றன. ஒருநாள் ரத்த அழுத்தம் இறங்கினால், உள்ளே உறைந்து, மோட்டார் நின்றுவிடும்.

நின்றுவிட்டால்?

*

அண்ணாச்சிக்கு நின்றிருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். கிரியேட்டினின் ஏறுகிறது, ஒருநாள் டயாலிசிஸ் வரலாம் என்று மூன்று வருஷம் முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு கையை இப்போதிருந்தே காப்பாற்றி வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. வலது கைக்காரர் என்றால் இடது கையில் ஊசி போடாதே, ரத்தம் எடுக்கவேண்டுமானால் புறங்கையில் எடு, டிரிப்ஸ் ஏற்றாதே. இவ்வளவுதான் விஷயம். காசு செலவில்லாத வைத்தியம்.

நடந்தது நேர்மாறு. நம் ஜனங்களுக்குக் குளுக்கோஸ் பாட்டில் என்றால் அப்படி ஒரு பக்தி. சித்திரை வெயிலில் களைப்பாக வந்தால் பாட்டில். காய்ச்சலுக்குப் பாட்டில். 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்' என்று நாமே கேட்டு வாங்குகிறோம். ஏற்றாத டாக்டரைக் கைராசியில்லாதவர் என்று ஊரில் சொல்லிவிடுவார்கள், அதனால் அவரும் ஏற்றிவிடுகிறார். மூன்று வருஷத்தில் அண்ணாச்சிக்கு எத்தனை பாட்டில் என்று அவருக்கே கணக்கில்லை. கணக்குப்பிள்ளைக்கே! எல்லாம் இடது கையில்தான். வலது கையில் எழுதவேண்டுமே.

ஓர் இரவு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது ஃபிஸ்டுலாவும் இல்லை, காத்திருக்க ஆறு வாரமும் இல்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள். அவசரத்துக்கு அதுதான் வழி, உயிரைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் கழுத்துக்குழாய் என்பது வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மாதிரி. கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும். மூன்றாவது வாரம் டயாலிசிஸ் கட்டிலிலேயே கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். பத்து நாள் ஐ.சி.யூ. அங்கே ஆன செலவில் மதினியின் இரண்டு வளையல் போயிற்று.

பிறகு மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டு, தேறி, ஒன்றரை வருஷம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மதினி வழக்கம்போலத் தொட்டுப் பார்த்திருக்கிறார். கிர்ர்ர் இல்லை. அன்றைக்கே ஆள் பார்த்து அடைப்பை எடுத்தால் பல சமயம் காப்பாற்றிவிடலாம். கார் பிடித்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே ராத்திரி டூட்டியில் இருந்தவர் கையைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், உயிருக்கு ஆபத்தில்லை என்றார். ரத்தக்குழாய் டாக்டர் இல்லை, காலையில் வாருங்கள்.

காலையில் வந்தவர் சனிக்கிழமை என்றார். திங்கட்கிழமை பார்த்தவர், 'ஏன் உடனே வரல?' என்று கேட்டார்.

எனக்கு இங்கே வள்ளியம்மாள் ஞாபகம் வந்துவிட்டாள். அவளையும் இப்படித்தான் நாளைக்குக் காலையில் வரச்சொன்னார்கள். 'நகரம்' கதையில் யாரும் கெட்டவர் கிடையாது, அதுதான் அதன் பலம் என்று எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கதை ஒரே ஒரு நாளில் நடக்கிறது. பெரிய டாக்டர் சாயங்காலம் அந்தப் பெண் எங்கே என்று தேடுகிறார். அவருக்கு ஞாபகம் இருக்கிறது. நீண்டகால வியாதிக்காரனை அப்படி யாரும் தேடுவதில்லை. அவன் வெள்ளிக்கிழமை எப்படியும் வருவான், அவன் முகம் எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே அவன் அவசரம் அவசரமாகத் தெரிவதில்லை. சுஜாதா எழுதியது ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியாதவர்களின் கதை. நுழைந்துவிட்டவர்களின் கதை பாக்கி நிற்கிறது.

*

இந்தப் பிரச்னை டயாலிசிஸ் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்தில், காம்ப்பென் என்ற சின்ன ஊரில் 1943-ல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டிப் பார்த்தார். ரத்தத்தைச் சுத்திகரிக்க அவர் பயன்படுத்தியது இறைச்சிக்கடையில் சாஸேஜுக்கு உறை போடுகிற செல்லோஃபேன் குழாய். 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் அதில் பிழைத்து எழுந்தார். மெஷின் தயார். ஆனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயை அறுத்துத் திறக்கவேண்டும், முடிந்ததும் அது வீண். மனிதன் உடம்பில் எத்தனை குழாய் இருக்கிறது? அது தீர்ந்தால் ஆளும் தீர்ந்தான். பதினைந்து வருஷம் உலகம் முழுக்க இதே கதி.

1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் கையில் டெஃப்லான் குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார். நம் வீட்டுத் தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற போயிங் தொழிலாளி அந்தக் குழாயோடு ஆரம்பித்துப் பதினோரு வருஷம் டயாலிசிஸில் வாழ்ந்தார். மெஷின்கள் கொஞ்சம், ஆட்கள் நிறைய என்பதால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். 1962-ல் 'லைஃப்' பத்திரிகை அதை எழுதி அமெரிக்காவே அதிர்ந்தது.

கடைசியில் 1966-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சிமினோ, ப்ரெஷியா, சர்ஜன் ஆப்பெல் மூவரும், வெளிக்குழாயே வேண்டாம், உடம்பின் குழாயையே பயன்படுத்துவோம் என்று ஃபிஸ்டுலாவை அறிவித்தார்கள். சிமினோ மாணவராக இருந்தபோது பகுதி நேரமாக ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தவர். ஊசிக்குச் சிக்குகிற நரம்பின் அருமை தெரிந்தவர்! அறுபது வருஷமாகப் போகிறது, இன்றுவரை அதைவிடச் சிறந்தது வரவில்லை. மெஷினில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கையில் அதே தையல்தான்.

*

நம் ஊரில் கிட்னி என்ற ஒன்று இருப்பதே 1984-ல் எம்.ஜி.ஆர். படுத்தபோதுதான் பாமர ஜனங்களுக்குத் தெரிந்தது என்பார் அண்ணாச்சி. ப்ரூக்ளின் போனார், கிட்னி மாற்றினார்கள், திரும்பி வந்து முதலமைச்சரானார். சினிமா மாதிரி ஒரு முடிவு. அதற்கு முன்பே ஜெயப்பிரகாஷ் நாராயண் 1975 முதல் 1979-ல் இறக்கும்வரை டயாலிசிஸில்தான் இருந்தார். ஜனதா கட்சி உருவானதும் ஆட்சி மாறியதும் அந்தக் காலத்தில்தான். அவர் கையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

நம் சினிமாவுக்கும் எம்.ஜி.ஆர். வழிதான் பிடித்திருக்கிறது. கிட்னி என்றால் ஒன்று தியாகம், இல்லாவிட்டால் திருட்டு. 2015 பிப்ரவரியில் 'என்னை அறிந்தால்', 'காக்கிச் சட்டை' என்று ஒரே மாதத்தில் இரண்டு உறுப்புத் திருட்டுப் படங்கள் வந்தன. 2002-ல் 'ரமணா'வில் செத்த உடம்புக்கு வைத்தியம் பார்த்துக் காசு பிடுங்குகிற காட்சிக்குத் தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது, நானும்தான் தட்டினேன். இந்தப் படங்கள் நமக்கு என்ன சொல்லிக்கொடுத்தன? ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு வில்லன் இருப்பான் என்று. அண்ணாச்சியின் மணிக்கட்டைச் சாகடித்தது எந்த வில்லனும் இல்லை. ஒரு வார இறுதி. சனி, ஞாயிறைச் சண்டை போட்டு ஜெயிக்கிற ஹீரோவை யார் எழுதுவது?

சினிமாவை விடுங்கள், அதற்கு வியாபாரம் இருக்கிறது. எழுத்துக்கு என்ன வந்தது? அதுவும் இந்தக் கரிசல் பூமிக்கு! கோவில்பட்டியைச் சுற்றி கல்லெறிந்தால் ஒரு எழுத்தாளர் தலையில் விழும் என்பார்கள். இடைசெவலிலிருந்து மட்டும் கு.அழகிரிசாமி, கி.ராஜநாராயணன் என்று இரண்டு மலைகள். பூமணி, சோ.தர்மன் இருவரும் சாகித்ய அகாதமி வாங்கியவர்கள். தர்மன் 2019-ல் அதை வாங்கிய 'சூல்' நாவலே கண்மாயைப் பற்றியது. மடை, கலிங்கு, கரை என்று தண்ணீரின் ஒவ்வோர் அசைவுக்கும் இவர்களிடம் சொல் இருக்கிறது. கி.ரா. சொல்லகராதியே போட்டார். வெயிலை, தாகத்தை, ஆட்டுக்குட்டியை, பருத்திச்செடியை இவர்கள் அளவுக்கு உன்னிப்பாகப் பார்த்தவர்கள் இந்தியாவிலேயே குறைவு என்று நான் நம்புகிறேன்.

அதனால்தான் உரிமையோடு குறை சொல்கிறேன். இந்த மண்ணின் சம்சாரி இன்று விடிகாலை பஸ்ஸில் நிற்பது உரம் வாங்க மட்டுமில்லை. வெயிலில் வெந்து, தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வேலை செய்கிறவர்களுக்குச் சர்க்கரையும் இல்லாமல் ரத்தக்கொதிப்பும் இல்லாமல் கிட்னி கெடுவதை இலங்கையில் அனுராதபுரம் பக்கம், ஆந்திராவில் உத்தானம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் காட்டு வெயில் அவற்றுக்குக் குறைந்ததில்லை. பஞ்சத்தையும் ஜப்தியையும் எழுதிய கரிசல் எழுத்து, இந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. ஏறினால் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற சொற்களே போதும். அண்ணாச்சி எனக்குக் கண்மாயை வைத்துச் சொன்னதே அதற்குச் சாட்சி.

(ஒரு துணைத் தகவல். ஒரு ஆளுக்கு ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய ரத்தத்தின் மறுபக்கம் ஓடும் சுத்தமான தண்ணீர் மட்டும் சுமார் 120 லிட்டர். தாமிரபரணியிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர்க்காரர், வாரத்துக்கு 240 லிட்டரைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறார். ஆனால் முக்கால் லிட்டர்தான் குடிக்கலாம்.)

*

அரசாங்கத்தைத் திட்டுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை என்றாலும் நியாயமாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால்தான் அண்ணாச்சி மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் இன்று காலையில் பல் தேய்த்தார்கள். 2016 பட்ஜெட்டில் மத்திய அரசும் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸுக்குத் திட்டம் அறிவித்தது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில், வயிற்று வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்குப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கு ரத்தக்குழாயே வேண்டாம். ஆனால் தினமும் மூன்று நான்கு தடவை, சுத்தமான அறையில், சுத்தமான கையோடு செய்யவேண்டும். ஒற்றை அறை வீட்டில் எல்லோராலும் முடிவதில்லை.

என் குறை அதுவல்ல. மந்திரி பேசும்போது கவனியுங்கள். இத்தனை மெஷின், இத்தனை சுற்று, இத்தனை லட்சம் செலவு என்பார். எத்தனை பேர் கழுத்துக் குழாயோடு வந்தார்கள், எத்தனை பேர் தேறின கையோடு வந்தார்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பஸ் எத்தனை விட்டோம் என்ற கணக்கு இருக்கிறது. ரோடு இருக்கிறதா என்ற கணக்கு இல்லை. டயாலிசிஸ் நன்றாக நடந்ததா என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை, கைதான் தீர்மானிக்கிறது.

எண்ணுவதிலும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் 2003-ல் 'முதலில் ஃபிஸ்டுலா' என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். நூற்றுக்கு 66 பேருக்கு ஃபிஸ்டுலா என்று இலக்கு வைத்தார்கள். எண்ணிக்கை நிஜமாகவே ஏறியது. கூடவே, குழாய் மெலிந்த கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் இலக்குக்காகத் தைத்து, அது தேறாமல், மாதக்கணக்கில் கழுத்துக் குழாயோடு அலையவிட்ட கதைகளும் ஏறின. 2019-ல் அங்கே வழிகாட்டி நெறியை மாற்றினார்கள். எல்லோருக்கும் ஒன்று என்றில்லை, இந்த ஆளின் வயது என்ன, இன்னும் எத்தனை வருஷம், அடுத்த வழி எது என்று ஆளைப் பார்த்து முடிவு செய் என்று. நாம் இன்னும் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை. வைக்கும்போதாவது இரண்டாவது படியும் தெரிந்திருப்பது நல்லது.

*

மதினி காபி கொண்டுவந்தார். எனக்கு ஒரு டம்ளர். அண்ணாச்சிக்கு மருந்து மூடி அளவில் இரண்டு மடக்கு. அதுவரை பேசாமல் இருந்தவர், நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க ஆம்பளைங்க கையப் பத்தியே பேசுதீங்க. இவுகளுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பிள்ள வருது. முப்பத்தி ரெண்டு வயசு. தீப்பெட்டி ஒட்டப் போய்க்கிட்டிருந்த பிள்ள. பிஸ்துலா போட்ட கையில வளவி போடக்கூடாது, இறுக்கும்னு சொல்லிட்டாக. ஒரு கை நெறய வளவி, ஒரு கை மொட்டக் கை. கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் அந்தக் கையத்தான் பாக்காக. புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இப்படிக் கேக்காகளேன்னு அது அழுதுச்சு. பெறகு விசேஷ வீட்டுக்கே போறத நிறுத்திருச்சு. தண்ணிக் கொடம் தூக்கக்கூடாது. பிள்ளயத் தூக்கக்கூடாது. அந்தக் கைல தலவச்சுப் படுக்கக்கூடாது. இத எந்தப் பாட்டரியில எழுதி வச்சிருக்காக?"

நான் பேனாவை மூடிவிட்டேன். இதை எழுதாமல் விடமுடியாது என்று பிறகு திறந்தேன்.

இந்த அம்மாள் செய்கிற இன்னொரு காரியத்தையும் சொல்லவேண்டும். அண்ணாச்சிக்கு எப்போது காய்ச்சல் வந்து எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், சேர்க்கிறதுக்கு முன்னால் மார்க்கர் பேனா எடுத்து, இடது கையில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார்: 'இந்தக் கையில ஊசி போடாதீங்க. பிரஷர் பாக்காதீங்க.' முதல் தடவை எழுதியபோது ஒரு நர்ஸ் சிரித்தாராம். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு பேர் கையில் அப்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள். தமிழில் இந்த விஷயத்தைப் பற்றி நான் இதுவரை படித்த ஒரே எழுத்து அதுதான். புத்தகத்தின் பெயர், விலை கேட்டிருந்த அண்ணாச்சிக்கு நான் கொடுக்க முடிந்த பதிலும் அதுதான். "அத நான்தான சார் தெனம் படிக்கேன்" என்றார்.

மறுநாள் அவருக்கு டயாலிசிஸ் நாள். விடிகாலை நாலேமுக்காலுக்கு நானும் கூடவே ரோட்டுக்கு வந்தேன். கரிசல் மேல் லேசாகப் பனி. டவுன் பஸ் ஏற்கெனவே நிறைந்துதான் வந்தது. அண்ணாச்சி ஏறியதும் உட்கார இடம் தேடவில்லை. வலது பக்க ஜன்னல் ஓரமாகப் போய், எல்லோருக்கும் வலது தோளைக் கொடுத்துவிட்டு, இடது கையைக் கைக்குழந்தையைப்போல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் பெரிசு, உள்ள போய்யா, கம்பியப் பிடிச்சு நில்லு" என்றார் கண்டக்டர்.

"எந்தக் கையாலல பிடிக்கச் சொல்லுத?" என்று உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.